விற்பதற்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலங்கள்?

இப்பக்கத்தில் பெரும்பாலும் கடை, மொத்த வியாபாரம், இறக்குமதி என்பன பற்றியே எழுதப்படுவதுண்டு. ஆனால் கடையும் இல்லாமல், களஞ்சியமும் இல்லாமல், ஒரு லெப்டொப்பையும் இணைய இணைப்பையும் மாத்திரம் வைத்துக்கொண்டு தொழில் செய்கின்ற இளைஞர் கூட்டமொன்று எமது ஊர்களில் உருவாகியிருக்கின்றது. நானும் அவர்களில் ஒருவன். கண்டி மாவட்டத்தில் எனது வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு பதினான்கு வருடங்களாக மென்பொருள் எழுதி வருகிறேன். உள்ளூரில் பார்மசிகள், ஹார்ட்வெயார் கடைகள், ஒரு புடவைக் கடை ஆகியவற்றுக்கு பில் மற்றும் ஸ்டொக் வேலைகள். வெளிநாட்டில், லண்டனிலுள்ள ஒரு கணக்காளர் நிறுவனமும் டோஹாவிலுள்ள ஒரு கட்டட ஒப்பந்தக் கம்பனியும் எனது வாடிக்கையாளர்கள்.

இத்தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது, எந்தக் கணினி மொழியைப் படிக்க வேண்டும் என்பதைத்தான். வாரத்தை எவ்வாறு திட்டமிடுகிறீர்கள் என்று கேட்பவர் அரிது. தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு மூன்று வருடங்களில் அதைக் கைவிட்டுச் சென்றவர்களை நான் எண்ணிப் பார்த்ததுண்டு. கணினி மொழி தெரியாமல் போனவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வாரம் கைநழுவிப் போனவர்களே எல்லோரும்.

ஒரு கடைக்காரருக்குக் கதவு இருக்கின்றது. காலை ஒன்பது மணிக்குத் திறப்பார். இரவு எட்டு மணிக்கு அடைப்பார். வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுபவருக்கு அப்படியொரு கதவு கிடையாது. நள்ளிரவிலும் வாடிக்கையாளரின் வட்ஸ்அப் செய்தி வரும். பகல் பதினொரு மணிக்கு வீட்டில், "நீங்க வீட்டிலதானே இருக்கிறீங்க, பேங்குக்குப் போய் வாங்களேன்" என்ற குரலும் வரும். ஆகவே கதவை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது. அதற்கு முன்னர், உள்ளே விற்பதற்கு எவ்வளவு சரக்கு இருக்கின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எமது சரக்கு மணித்தியாலங்கள்தான்.

இரண்டு வாரக் கொப்பி

ஒரு சாதாரண கொப்பியை எடுங்கள். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு அரை மணித்தியாலமும் எதில் சென்றது என்பதை ஒரே ஒரு சொல்லில் எழுதி வாருங்கள். 'கோட்', 'போன்', 'விலைமனு', 'பேங்க்', 'பிழை திருத்தம்', 'ஸ்கூல்' என்ற அளவில் போதும். கணினியில் இதற்கென்று பல செயலிகள் இருக்கின்றன. ஆனால் கொப்பியே மேல் என்பது எனது அபிப்பிராயம். செயலியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் வேறு எதையாவதும் சேர்த்துத் திறக்கத் தோன்றும்.

எனது கொப்பியின்படி, நான் வாரத்தில் 48 மணித்தியாலங்கள் மேசையில் இருக்கிறேன். அதில் வாடிக்கையாளர் பணம் தருகின்ற வேலைக்குச் செல்வது 26 மணித்தியாலங்கள் மாத்திரமே. மீதமுள்ள 22 மணித்தியாலங்களும் வீணானவை என்று கருத வேண்டாம். விலைமனு எழுதாமல் புதிய வேலை வராது; கேட்காமல் நிலுவைப் பணம் வராது; புதிய விடயங்களைப் படிக்காவிட்டால் இரண்டு வருடங்களில் எமது அறிவு பழையதாகிவிடும். ஆனால் இவற்றுக்கு எவரும் நேரடியாகக் காசு தரமாட்டார்கள். விற்கக்கூடியது 26 மணித்தியாலங்களே.

இந்தத் தொகை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் 52 வாரங்கள். இரண்டு பெருநாட்கள், போயா விடுமுறைகள், காய்ச்சல், கல்யாணம், மையித்து வீடு என்று ஏழு வாரங்களைக் கழித்தால் எஞ்சுவது 45 வாரங்கள். வாரம் 26 மணித்தியாலங்கள் வீதம் 1170. மாதத்துக்கு ஏறக்குறைய 100 மணித்தியாலங்கள். ஓர் இளைஞருக்கு வீட்டுச் செலவுக்கு மாதம் 160,000 ரூபாவும், இணையம், மின்சாரம், வரி, அடுத்த கணினிக்கான சேமிப்பு ஆகியவற்றுக்கு 40,000 ரூபாவும் தேவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200,000 ரூபா. அவர் தனது ஒரு மணித்தியாலத்தை 2000 ரூபாவுக்கு விற்றால்தான் வீட்டு அடுப்பு எரியும். எம்மவர்களில் பலர் செய்வது என்னவென்றால், கம்பனியில் வேலை செய்த காலத்துப் பழக்கத்தில் மாதத்துக்கு 200 மணித்தியாலங்கள் என்று பிரித்து, 1000 ரூபாவுக்கு விலை சொல்வதாகும். பின்னர் அந்த மற்றைய நூறு மணித்தியாலங்களை இரவுத் தூக்கத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். ஆறு மாதங்களுக்கு அது முடியும். அதற்கு மேல் முடியாது.

எங்கு எப்போது விடிகின்றது?

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, அவரது வாரமும் எமது வாரமும் ஒன்றல்ல என்பதை. டோஹாவிலும் ரியாதிலும் வேலை வாரம் ஞாயிறு தொடங்கி வியாழன் முடிகின்றது. சவூதி 2013இல்தான் தனது வார விடுமுறையை வெள்ளி, சனி என மாற்றிக்கொண்டது. ஐக்கிய அரபு இராச்சியம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறை விடுமுறையாக்கி, அரச காரியாலயங்களுக்கு வெள்ளியை அரை நாளாக்கியது. லண்டன் வாரம் திங்களில் ஆரம்பமாகின்றது. இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் வைத்திருப்பவர் கவனிக்காமல் இருந்தால், சனி தவிர்ந்த ஆறு நாட்களும் யாராவது ஒருவருக்கு வேலை நாளாக இருக்கும்.

ஆனால் நேர வித்தியாசத்தில் எமக்கு ஒரு வசதியும் உண்டு. லண்டனில் காலை ஒன்பது மணியாகும்போது எமக்குப் பிற்பகல் ஒன்றரை மணி. அவர்கள் ஒக்டோபர் இறுதியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிய பின் மார்ச் இறுதி வரை இரண்டரை மணி. ரியாதிலும் டோஹாவிலும் ஒன்பது மணியாவது எமது பதினொன்றரைக்கு. அதாவது, எமது காலைப்பொழுது முழுவதும் அவர்கள் தூக்கத்திலோ பாதையிலோ இருக்கிறார்கள். கடிதமும் வராது, அழைப்பும் வராது. இந்தக் காலைப்பொழுதை ஒரு சொத்தாகக் கருத வேண்டும். மெல்பர்ன், சிட்னி வாடிக்கையாளர் என்றால் கதை தலைகீழ். அவர்களது வேலை நேரம் எமது அதிகாலையிலிருந்தே ஓடத் தொடங்கி, பகலுக்குள் முடிந்துவிடும். நல்ல சம்பளம் தருகிறார்கள்தான், ஆனால் தனியாளாக வேலை செய்பவரின் காலையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனவேதான் நான் மேற்குப் பக்கத்து வேலைகளையே விரும்பி ஏற்கிறேன்.

காலை வேலைக்கு ஏன் இவ்வளவு காவல் என்று கேட்கலாம். ஒரு பார்மசியில் விற்ற மருந்தை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருகிறார். அந்த மருந்து எந்த பெச்சில் வந்தது, அதன் காலாவதித் திகதி என்ன, பில்லில் கழிவு கொடுக்கப்பட்டதா, காசுக்கா கடனுக்கா விற்றது, ஸ்டொக்கில் எந்த வரியில் கூட்ட வேண்டும் என இந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பகுதியை எழுத முடியும். மனதில் அது அமைவதற்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். மூன்று நிமிட தொலைபேசி அழைப்பொன்று வந்தால் ஐந்தும் கலைந்துவிடும். மீண்டும் அரை மணித்தியாலம். அமெரிக்காவின் போல் கிரகாம் என்ற கணினி அறிஞர் 2009இல் எழுதிய ஒரு பிரபலமான கட்டுரையில், நிர்வாகியின் நாள் ஒரு மணித்தியாலத் துண்டுகளாக இருக்கின்றது, உருவாக்குபவரின் நாளோ குறைந்தது அரை நாள் துண்டுகளாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். கடை முதலாளி முதலாவது வகையைச் சேர்ந்தவர். அவர் எம்மை அழைக்கும்போது எதையும் கலைப்பதாக நினைப்பதில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது எமது பொறுப்பு.

நான் ஞாயிறு முதல் வியாழன் வரை காலை ஏழரை மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை தொலைபேசியை மௌனமாக்கி அடுத்த அறையில் வைத்துவிடுவேன். ஐந்து காலைகள், நான்கரை மணித்தியாலங்கள் வீதம். விற்கக்கூடிய 26 மணித்தியாலங்களில் பெரும் பங்கு அங்கேயே வந்துவிடுகின்றது. எனது உள்ளூர் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு விடயம் தெரியும். பில் அடிப்பது நின்றுபோனால் மட்டும் வீட்டுத் தொலைபேசிக்கு எடுக்கலாம். வீட்டார் வந்து என்னிடம் சொல்வார்கள். எந்த வேலையானாலும் விட்டுவிட்டு எழுவேன். ஏனெனில் கியூவில் ஆட்கள் நிற்க பில் அடிக்க முடியாத முதலாளியின் நிலை உண்மையிலேயே அவசரமானது. மற்றவையெல்லாம் பிற்பகல் ஒன்றரைக்குப் பின்னர். இந்த ஏற்பாட்டுக்காக ஒரு வாடிக்கையாளரும் என்னை விட்டுச் செல்லவில்லை. டொக்டரையும் சட்டத்தரணியையும் நேரம் கேட்டுச் சந்திப்பவர்கள்தானே அவர்களும்.

வெள்ளிக்கிழமைப் பட்டியல்

வெள்ளிக்கிழமையை ஜும்ஆ இரண்டாகப் பிரிக்கின்றது. அன்றைய தினத்தில் கடினமான எழுத்து வேலையை வைத்துக்கொண்டு, பதினொன்றரைக்கு அரைகுறையாக எழும்புவதில் பயன் இல்லை. ஆகவே அன்று சிறு வேலைகளின் நாள். விலைமனுக்கள், இன்வொய்ஸ், பேக்கப் சரியாக எடுபட்டிருக்கின்றதா என்று ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்த்தல், அத்துடன் உள்ளூர்க் கடைகளின் 'சின்ன வேலைகள்'.

இந்தச் 'சின்ன வேலை' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹார்ட்வெயார் கடை ஹாஜியார் எடுப்பார். "தம்பி, சின்ன வேலை ஒன்டு. பில்லில கடைப் பெயருக்குக் கீழ ஒரு வரி சேர்க்கணும். அஞ்சு நிமிஷம்தானே." வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் அதைச் செய்து, பிறின்டரில் சரியாக வருகின்றதா என்று பார்த்து, கடைக் கணினியில் ஏற்றி, "இப்ப எழுத்து பெருசாப் போச்சே" என்ற அடுத்த அழைப்புக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது ஒன்றரை மணித்தியாலம் சென்றிருக்கும். இவ்வாறான எட்டுக் கடைகள் இருந்தால் வாரமே போய்விடும். மறுப்பதும் எமது ஊர்ச் சூழலில் இலகுவானதல்ல. ஹாஜியார் ஒருவகையில் சொந்தக்காரர்; பள்ளியில் முன் ஸஃப்பில் காண்பவர். நான் சொல்வது, "ஹாஜியார், எழுதிக்கிட்டன். வெள்ளிக்கிழமை காலையில செஞ்சு தாறன்" என்பதுதான். எழுதிய பட்டியலை வெள்ளி காலை எடுத்துப் பார்க்கும்போது பாதி வேலைகளை அவர்களே, "அது பரவாயில்ல, விடுங்க" என்று கைவிட்டிருப்பார்கள். எஞ்சியவற்றை ஒரே இருக்கையில் முடித்துவிடலாம். கடைகளுடன் மாதாந்தப் பராமரிப்புத் தொகை ஒன்றை எழுத்தில் பேசிக்கொண்டால் மனக்கசப்பும் வராது. பேசாமல் விட்டால் ஐந்து நிமிட வேலைகள் இலவசமாகிவிடும். இலவசமானவையே அதிகம் கேட்கப்படும்.

கடையில் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு நான் வைத்திருப்பது செவ்வாய் இரவு. சனிக்கிழமை வியாபாரம் கூடிய நாள். மாத முடிவில் கணக்கு முடிப்பார்கள். நோன்பின் கடைசிப் பத்தும், ஏப்ரல் புத்தாண்டுக்கு முந்திய இரு வாரங்களும் புடவைக் கடையின் வருட வருமானத்தில் பெரும் பகுதியைத் தீர்மானிப்பவை. அக்காலங்களில் முதலாளியே கேட்டாலும் நான் எதையும் மாற்றுவதில்லை. செவ்வாய் இரவு ஏற்றினால், புதனும் வியாழனும் பிழை தெரிந்து திருத்த இரண்டு நாட்கள் கையில் இருக்கும்.

முப்பத்து நான்கு நாளும் ஐம்பத்தைந்து நாளும்

இனி, ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்லும் விடயம். 1994இல் ரொஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கல் ரோஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாட்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 48.6 நாட்கள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55.5 நாட்கள். அதாவது, மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை. மனித மனம் தனது வேலையைப் பற்றி எண்ணும்போது தடங்கல்களைக் காண்பதில்லை.

மென்பொருளில் இதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஒரு மாபெரும் மென்பொருள் வேலையைத் தலைமை தாங்கிச் செய்த பிரெட் புரூக்ஸ் என்பவர், 1975இல் வெளியிட்ட தனது நூலில், மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கும், ஆறில் ஒரு பங்கு மாத்திரம் எழுதுவதற்கும், மீதிப் பாதி பரீட்சித்துப் பார்ப்பதற்கும் செல்கின்றது என்று கணக்கிட்டுக் காட்டினார். ஐம்பது வருடங்கள் கடந்துவிட்டன; கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் கோட் எழுதித் தருகின்றன. எனினும் அவை வேகப்படுத்துவது பெரும்பாலும் அந்த ஆறில் ஒரு பங்கைத்தான். ஹாஜியாருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டறிவதும், எழுதியதை அவரது கடையில் வைத்துப் பரீட்சிப்பதும் முன்னரைப் போலவே நேரம் எடுக்கின்றன.

கொப்பியின் இன்னொரு பக்கத்தில், ஒவ்வொரு வேலைக்கும் நான் நினைத்த மணித்தியாலத்தையும் சென்ற மணித்தியாலத்தையும் அருகருகே எழுதி வருகிறேன். பழகிய வாடிக்கையாளருக்கு, பழகிய வகை வேலையென்றால், நினைத்ததைப் போல் 1.2 மடங்கு செல்கின்றது. புதிய வாடிக்கையாளர் என்றால் 1.9 மடங்கு. ஆகவே புதியவருக்குப் பத்து நாள் என்று மனதில் பட்டால், வாயில் பத்தொன்பது நாள் என்று வரும். இந்த எண்கள் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். மற்றவரின் எண்ணைக் கடன் வாங்க முடியாது.

வாரத்தை நிரப்பும்போதும் இதே கவனம் வேண்டும். நான் திட்டத்தில் எழுதுவது ஞாயிறு முதல் புதன் வரையிலான வேலைகளை மாத்திரமே. வியாழக்கிழமை வெற்றாக இருக்கும். அது ஓய்வு நாள் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னைய நான்கு நாட்களில் வழிந்தவை வந்து விழும் பாத்திரம் அது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அவ்வாறான நாட்கள் எந்தத் திட்டத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. வியாழன் வெற்றாக இருந்தவர் அதைத் தாங்கிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், திறமையில் என்னை விஞ்சியவர், வளைகுடாக் கம்பனி ஒன்றுக்கு மூன்று மாதம் நல்ல முறையில் வேலை செய்தார். சொந்தக்காரர்களின் கடை வேலைகள் இடையிடையே புகுந்தன. ஒரு வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன வேலை தயாராகவில்லை. அது தயாராகாது என்பது அவருக்குத் திங்கட்கிழமையே தெரியும். சொல்வதற்குக் கூச்சப்பட்டு, இரவிரவாக முயன்று பார்த்து, வியாழன் மாலை தொலைபேசியை நிறுத்தி வைத்தார். அடுத்த மாதமும் அவ்வாறே நடந்தது. கம்பனி வேலையை வேறு நாட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தது. அந்த மாத வருமானத்தை நம்பித் தங்கையின் திருமணத்துக்குத் திகதி குறித்திருந்தார்கள். கடைசியில் உம்மாவின் நகை அடகுக்குப் போனது.

வேலை பிந்தியதை அந்தக் கம்பனி மன்னித்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். கட்டட வேலை செய்பவர்களுக்குப் பிந்துவது என்பது புதிதல்ல. அவர்கள் தமது வெள்ளி, சனி விடுமுறைக்குள் ஏற்றிவிட எண்ணிக் காத்திருந்தவர்கள். செவ்வாயில் தெரிந்திருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். ஆகவே செவ்வாய் பிற்பகல் அரை மணித்தியாலத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். கையிலுள்ள ஒவ்வொரு வாக்குறுதியையும் எடுத்துப் பார்த்து, பிந்தும் என்று தெரிந்தால் அன்றே எழுதுங்கள். "அறிக்கைப் பகுதி வியாழன் வரும். அச்சிடும் பகுதி அடுத்த திங்கள்தான் வரும். அதுவரை பழைய முறையில் அச்சிடலாம்." மூன்று வசனங்கள். மன்னிப்புக் கேட்டு நீட்டி எழுதத் தேவையில்லை. எது வரும், எது வராது, இடையில் என்ன செய்யலாம் என்பதே அவருக்குத் தேவை.

வீட்டாருக்கும் இந்தத் திட்டம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு தாளில் எழுதப்பட்டு அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றது. பாடசாலை ஒன்றரைக்கு விடுவதால் பிள்ளைகளை அழைத்து வருவது எனது பொறுப்பு. காலை வேலை முடிந்து, லுஹர் தொழுதுவிட்டுப் போகச் சரியாக இருக்கின்றது. அதற்குப் பதிலாகக் காலையில் பேங்குக்கோ சந்தைக்கோ என்னை அனுப்புவதில்லை. இந்த உடன்பாட்டுக்கு வர மனைவியுடன் ஒரு மாலை உட்கார்ந்து, இரண்டு வாரக் கொப்பியைக் காட்டிப் பேசினேன். 26 என்ற எண்ணை அவர் கண்ட பின்னர், காலையில் எனது அறைக் கதவைத் தட்ட வருகின்ற உறவினர்களைத் தடுப்பவரே அவர்தான்.

வெள்ளி காலையில் இன்வொய்ஸ் அனுப்பிய கையோடு, வந்த பணத்தில் ஒரு பங்கை வரிக்கென வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் கிடைக்கும் வருமானமும் வரிக்கு உட்பட்டது. அதற்கான உச்ச வீதம் 15 சதவீதம். தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் வருகின்றன. அந்நான்கு திகதிகளையும் அலுமாரிக் கதவிலுள்ள தாளில் இப்போதே சிவப்பில் எழுதிவிடலாம். நிலுவைப் பணம் தராமல் இழுத்தடிப்பவர்களிடம் எவ்வாறு அறவிடுவது என்பது தனியாக எழுத வேண்டிய விடயம்.